சம்பளச் சீட்டு சொல்லாத கணக்கு

பெங்களூருவில் மென்பொருள் பணியில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் பெறும் என் முன்னாள் மாணவர், கோவையில் 75,000 ரூபாய்க்கு வேலை கிடைத்தால் ஏற்கலாமா என்று கேட்டார். வாடகை பெங்களூருவில் 35,000, கோவையில் 15,000 என்று கொண்டால், கையில் எஞ்சுவது முறையே 65,000, 60,000. சம்பளத்தில் 25,000ஆக இருந்த இடைவெளி 5,000ஆகச் சுருங்கிவிடுகிறது. நெரிசலில் கரையும் நேரத்தையும் சேர்த்தால் கோவையே மேல் எனத் தோன்றும்.

ஆனால், இது வேலை நிலைத்திருக்கும் மாதங்களுக்கான கணக்கு மட்டுமே. ஒரு தொழில் குவிந்துள்ள இடத்தில் அதற்குரிய திறனுக்கு நிலையான சந்தை இருக்கும் என்பதை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கினார். பெங்களூருவில் வேலையிழப்பவர் வீடு மாறாமலே அடுத்த வேலையைத் தேடலாம். கோவையில் அதற்கான கதவுகள் குறைவு. பெருநகரத்தின் கூடுதல் வாடகையில் இந்தக் காப்பீட்டின் விலையும் அடங்கியிருக்கிறது.

ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேமித்த பிறகு கோவைக்குச் செல்லுங்கள் என்றேன். அரசுக்கும் இதில் பாடம் உண்டு. டைடல் பூங்கா போன்ற வளாகங்களை எழுப்புவதோடு பணி முடிந்துவிடாது. ஊழியர்களுக்காகப் போட்டியிடும் நிறுவனங்கள் பல வர வேண்டும். அடுத்த வேலையும் உள்ளூரிலேயே கிடைக்கும் என்ற நிலை வந்தால்தான், குறைந்த சம்பளம் கட்டுப்படியாகும்.