காய்ச்சல் வந்தால் முதலில் எங்களிடம்தான் வருவார்கள்

ஜிப்மரிலோ அடையாறிலோ வேலூரிலோ ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஊர் திரும்புகிறவருக்கு அடுத்த ஆபத்து பல நேரம் வெறும் காய்ச்சலாகத்தான் வரும். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் அந்த ராத்திரி அவர் கதவைத் தட்டுவது என்னைப் போன்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம். எங்களைத் தயார்ப்படுத்தாமல் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியம் முழுமையாகாது.

குன்னம் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர், காலையில பருத்தி எடுக்கப் போகணும்" என்பது அன்றாடம் கேட்கும் பேச்சு. கீமோ முடிந்து பத்து நாளானவருக்கு அதே வழக்கத்தில் இடுப்பில் ஊசி போட்டால், பிளேட்லெட் குறைந்த உடம்பில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டும். டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். கிருமி உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வெள்ளையணு குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி வந்தாலே அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். திருச்சிக்கு 108-இல் ஏற்றுவதற்கு முன் முதல் டோஸை இங்கேயே போட்டுவிட முடியும்.

சின்னம்மையும் அப்படித்தான். அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். வேப்பிலை கட்டுவதை நான் தடுப்பதில்லை. ஆனால் லுகேமியா சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அன்றே மருந்து தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

லுகேமியா சிகிச்சையில் இருக்கும் ஒரு பையனின் அம்மா மாத்திரைப் பையை என் மேசையில் கொட்டினார். மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள். சீட்டு முழுக்க ஆங்கிலம். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையே நசிந்துவிடும். அட்டையின் மேல் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாக்காரர்களின் சிக்கல் வேறு. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் அவர்களுக்கான இமாட்டினிப் மாத்திரை நம் மக்களுக்கு எட்டும் விலையிலேயே நீடிக்கிறது. ஆனால் "உடம்பு தேறிடுச்சு" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் பெரும்பாலும் நோய் திரும்பும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்த மாத்திரைகளோடு இமாட்டினிப்பும் போகட்டும்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்று வட்டார மருத்துவர்களுக்கு அங்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சிறப்பு மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள்: என்ன நோய், கடைசி கீமோ எந்தத் தேதி, கடைசி ரத்த அணு எண்ணிக்கை எவ்வளவு, எதையெல்லாம் கொடுக்கக் கூடாது. கீழே ஒரு போன் நம்பர். ராத்திரி பணியில் இருக்கும் டாக்டர் எடுத்துப் பேசுகிற நம்பராக அது இருக்க வேண்டும்.