"பெரும்பாலும்" என்று எழுதினால் மார்க்கைக் குறைப்பதா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் படித்து இன்று ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அயனிச் சேர்மங்கள் அறை வெப்பநிலையில் திடப்பொருள்கள். இரண்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் திரவத்தை வைத்துப் பார்க்க முடியாது. இரண்டும் பெரும்பாலும் சரி. என் சண்டையே அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்காகத்தான். நம் உறவில் ஒரு பெண் பிள்ளை, தேர்வில் முதல் வாக்கியத்தை அந்தச் சொல்லைச் சேர்த்து எழுதியிருக்கிறாள். ஒரு மார்க் போய்விட்டது. போய்க் கேட்டதற்கு, "புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை" என்று பதில் வந்ததாம். மார்க் போனால் போகட்டும். ஆனால் சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு போட்டால், அவள் அடுத்த முறை யோசிப்பாளா?

சமையல் உப்பு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகும். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் சிறியவை, உருண்டையானவை. அடுக்கி வைத்த செங்கல் மாதிரி நெருக்கமாக உட்கார்ந்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அயனிகள் பெரியவையாக, கோணல்மாணலாக இருந்தால் என்ன ஆகும்? ஒழுங்காக அடுக்க வராது, பிடிப்பும் தளரும். அப்போது உருகுநிலை இறங்கிவிடும். பால் வால்டன் என்ற வேதியியலாளர் 1914-லேயே எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பைப் பற்றி எழுதினார். அது சுமார் 12 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் குடுவையில் வைத்தால் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆனால் அது தண்ணீரில் கரைத்த உப்பு அல்ல, உப்பே திரவமாக இருப்பது. 100 டிகிரிக்குக் கீழே உருகும் இப்படிப்பட்ட உப்புகளுக்கு அயனித் திரவங்கள் என்று பெயர். நூறு வருடத்துக்கு மேல் பழைய செய்தி இது. அதை அறிந்து எழுதிய பிள்ளைக்கா தண்டனை?

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஏன் வெற்றிடம் வேண்டும்? காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் அதில் மோதிச் சிதறிவிடும். ஏன் தண்ணீர் ஆகாது? வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகிவிடும், வெற்றிடமும் கெட்டுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் கடத்தாத பொருளின் மீது எலக்ட்ரான் விழுந்தால் மின்னூட்டம் அங்கேயே தேங்கும், படம் வெள்ளையடித்துப் போகும். அதனால்தான் மாதிரியை உலர்த்தி, மேலே மெல்லிய தங்கப் பூச்சு பூசுவார்கள்.

ஆக, "முடியாது" என்பதற்குக் காரணம் அந்தப் பொருள் திரவம் என்பது அல்ல. அது ஆவியாகிறது, மின்னூட்டம் தேங்குகிறது, இவைதான் காரணங்கள். இந்த இரண்டும் இல்லாத திரவம் கிடைத்தால்?

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசுமு குவாபாடாவும் அவருடைய குழுவினரும் அதைத்தான் செய்தார்கள். அயனித் திரவம் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாகத்தான் ஆவியாகும். அதன் அயனிகள் நகரக்கூடியவை, எனவே மின்னூட்டத்தைக் கடத்திவிடும். அதை நேரடியாக ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2006-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பூச்சு எதுவும் இல்லாமலே படம் தெளிவாக வந்தது. பிறகு அதையே கருவியாக்கினார்கள். கடற்பாசி போன்ற ஈரமான உயிரியல் மாதிரிகளில் தண்ணீர் இருந்த இடத்தில் அயனித் திரவத்தை ஊறவைத்தால், மாதிரி சுருங்காமல் அதே உப்பலோடு படத்தில் தெரிகிறது. இன்று இந்த வேலைக்கென்றே ஹிட்டாச்சி நிறுவனம் அயனித் திரவம் விற்கிறது. "திரவம், ஆகவே முடியாது" என்று மட்டும் படித்தவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா? ஏன் முடியாது என்று படித்தவருக்குத்தான் வரும்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆகா, படமே எடுத்துவிட்டார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது" என்று குரூப்பில் பகிரும் தம்பிகளே, படம் எதைக் காட்டுகிறது என்று பார்த்தீர்களா? ஸ்கேனிங் நுண்ணோக்கி காட்டுவது மேற்பரப்பின் வடிவத்தை. உள்ளே அயனிகள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதை அந்தப் படம் சொல்லாது. அயனித் திரவங்கள் பலவற்றில் நீண்ட கரிமச் சங்கிலிகள் ஒரு பக்கமும் மின்னூட்டமுள்ள பகுதிகள் இன்னொரு பக்கமுமாக நானோமீட்டர் அளவில் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்து நிற்கின்றன. இதை முதலில் காட்டியவை கணினிக் கணக்குகளும் எக்ஸ் கதிர்ச் சிதறல் சோதனைகளும். அணு அளவில் பார்க்கும் ஊடுருவு முறை வேறு. அந்த முறையில் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, அயனித் திரவத்துக்குள் தனித்தனி அயனிகள் நகர்வதைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்டது. அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. பார்க்க உதவும் அதே எலக்ட்ரான் கற்றை வேதிப் பிணைப்புகளையும் உடைக்கும். தங்க உப்பைக் கரைத்த அயனித் திரவத்தின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித் தங்க நானோ துகள்களைத் தயாரித்தே இருக்கிறார்கள். விளக்கைப் பிடித்தவுடன் பொருளே மாறுகிறது என்றால், படத்தில் இருப்பது பொருளா, விளக்கின் வேலையா என்று கேட்கத்தான் வேண்டும்.

"அயனித் திரவம் ஆவியாகவே ஆகாது" என்பது புதிய மனப்பாட வாக்கியமாகி வருகிறது. அதுவும் உடைந்த வாக்கியம்தான். மிகக் குறைந்த அழுத்தத்தில் நன்றாகச் சூடாக்கினால் சில அயனித் திரவங்களைக் காய்ச்சி வடிக்கவே முடியும் என்று, அதே 2006-இல், நேச்சர் இதழில் கட்டுரை வந்துவிட்டது. "ஆவியாகாது, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்பது இன்னொன்று. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் அயனி கொண்ட திரவங்கள் தண்ணீரோடு சேர்ந்து சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகலாம். அது கண்ணாடியையே அரிக்கும் நச்சு. காற்றில் கலக்காது என்பதற்காக ஆற்றில் கலந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடுமா?

"ஐயா, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்" என்பீர்கள். குழம்ப மாட்டார்கள். "உப்பு திடப்பொருள்தான், ஆனால் எப்போதும் அல்ல" என்றால் உடனே "எப்போது இல்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வருவதற்குத்தானே நாம் வகுப்புக்குப் போகிறோம்? "பொதுத் தேர்வில் புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுத வேண்டும்" என்பீர்கள். எழுதட்டும். நான் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. புத்தகத்தை விடச் சரியாக எழுதும் பிள்ளையின் விடையில் சிவப்பு மையை வைக்காதீர்கள் என்கிறேன். "டிப்ளமோ படித்த வாத்தியாருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி எதற்கு" என்று கேட்ட உறவினருக்கும் இதுவே பதில். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே "ஏன்" என்ற கேள்விக்கு வகுப்பில் இடம் கொடு என்பதுதான்.

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது மூன்றுதான். "முடியாது" என்று சொல்லித்தரும்போது பக்கத்திலேயே காரணத்தையும் சொல்லுங்கள். "எல்லாம்" என்று கரும்பலகையில் எழுதும் முன் ஒரு நொடி யோசியுங்கள். விடைத்தாளில் "பெரும்பாலும்" என்று கண்டால் கோடு போடாமல், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "எது விதிவிலக்கு, சொல்லு" என்று கேளுங்கள். சொன்னால் முழு மார்க் போடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால் போதும், பதில் சொல்கிறேன்.