லாச்சி கடைக்காரருக்கு, கணக்கு கம்பனிக்கு

லண்டன் செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் எந்தக் கடைக்குள் நின்று போஸ்ட் ஒஃபிஸின் ஹொரைசன் வழக்கைப் பற்றிக் கதைத்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “அது கொம்பியூட்டர் விட்ட பிழை அண்ணை, ஆரைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுறது?” அதே ஆள் அடுத்த நிமிடமே, இறாக்கையில் இருந்த சொக்லேற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெடியனைப் பொலிஸ் தேடவே இல்லை என்று கொதிப்பார். அந்தக் கொதிப்பு நியாயமானது. முதல் கதையில் அது ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

‘கொம்பியூட்டர் பிழை’ உண்மையில் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் பிரித்தானிய போஸ்ட் ஒஃபிஸின் தபால் கவுண்டர்களுக்கு வந்தது. கணக்கு முடிக்கும் நாள் மாலை, கடையோடு தபால் கவுண்டரும் நடத்தும் உப தபாலதிபர் கவுண்டரைப் பூட்டிவிட்டு நோட்டு, சில்லறை, முத்திரை எல்லாவற்றையும் எண்ணுவார். லாச்சியில் இருப்பது ஒரு தொகை, திரை காட்டுவது அதைவிடக் கூடிய தொகை. வித்தியாசம் எங்கே வந்தது என்று தோண்டிப் பார்க்க வழியில்லை, உள்ளே கிடக்கும் தரவு அவர் கண்ணில் படாது. திரை சொல்லும் கணக்கை ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கணக்குக் காலத்தைத் தொடங்க முடியாது. உதவி எண்ணுக்கு அடித்தால், இப்படி முறைப்பாடு சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்று பலருக்குப் பதில் கிடைத்தது. போஸ்ட் ஒஃபிஸ்காரர் ஒப்பந்தத்தைக் காட்டி, குறைந்த காசை அவரையே கட்டச் சொன்னார்கள். சேமிப்பும் வீட்டின் மேல் எடுத்த கடனும் அதற்குள் போயின. விடிந்தால் கடை திறக்க வேண்டுமே என்று ஒப்புக்கொண்டவர்கள் மேல், அதையே வைத்துப் பொய்க் கணக்கு எழுதியதாக வழக்கு வந்தது.

மென்பொருள் யாருக்கும் குற்றப்பத்திரிகை எழுதாது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அந்த வழக்குகளில் ஏறத்தாழ 700ஐத் தொடுத்தது போஸ்ட் ஒஃபிஸேதான். புகார்காரர், விசாரணை அதிகாரி, வழக்குத் தொடுநர், காசை அறவிடுபவர் என்று எல்லாம் ஒரே நிறுவனம். 2013 ஜூலையில், அதற்காக வேலை செய்த சட்டத்தரணி சைமன் கிளார்க் எழுத்திலேயே எச்சரித்தார்: ஹொரைசனுக்குச் சாட்சி சொன்ன ஃபுஜிட்சு பொறியியலாளர், தனக்குத் தெரிந்த கோளாறுகளை நீதிமன்றத்துக்கு வெளிப்படுத்தவில்லை. அடுத்த மாதம், கோளாறுகள் பற்றிய கூட்டக் குறிப்புகளை அழிக்கச் சொன்னதாக வந்த தகவல் பற்றி இன்னோர் எச்சரிக்கையும் எழுதினார். அதற்குப் பிறகும், உப தபாலதிபர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பெழுதும் வரை, அமைப்பு உறுதியானது என்றே வாதாடினார்கள். தெரியாமல் நடந்தது என்ற கதை 2013உடன் செத்துவிட்டது.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்கள். கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டிய பிறகே அதன் பதிவைச் சாட்சியமாக ஏற்க வேண்டும் என்று இங்கே ஒரு விதி இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை நீக்கியது. அதன்பின் கணினி சரி என்பதே நீதிமன்றத்தின் அனுமானம். பிழை என்று காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர், காட்டத் தேவையான தரவோ குற்றம் சாட்டியவரிடமும் ஃபுஜிட்சுவிடமும். சரேயில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ராவுக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரோடு சேர்த்து 39 பேரின் தண்டனைகளை நீக்கியது.

இனி வருவது கொஞ்சம் கனமான வாதம். “அவையள் என்ன ஏழையளே? கடை, வீடு, கார் எல்லாம் இருந்ததுதானே. இதுக்குள்ள வர்க்கம் எங்க வந்தது?” கையிலிருக்கும் காசை எண்ணி வர்க்கத்தை அளந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லாச்சி கடைக்காரருடையது. அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் கம்பனியுடையது. முதலாளி என்று பெயர் வாங்கியவர், தன் கவுண்டரின் கணக்கையே திறந்து பார்க்க முடியாத ஆளாக நின்றார். அதிகாரம் ஆளை அடக்குவதோடு நிற்பதில்லை, நடப்பதை இயல்பானதாகவே அவர் ஏற்கும்படியும் செய்கிறது என்று சமூகக் கோட்பாட்டாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் எழுதினார். தான்தான் எங்கோ பிழைவிட்டோம் என்று இரவிரவாக நோட்டெண்ணியவர்களை வைத்துப் பார்த்தால் அது விளங்கும். எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு: வழக்குத் தாள் வந்த வீட்டை, தீர்ப்புக்கு முன்பே கள்ளர் வீடாக்கிவிடுவோம். நிறமும் சேர்ந்தது. சந்தேக நபர்களை ‘இந்திய/பாகிஸ்தானிய வகை’ என்றெல்லாம் இனவாரியாகக் குறிக்கச் சொன்ன போஸ்ட் ஒஃபிஸின் விசாரணை ஆவணம் 2023இல் வெளியே வந்தது. கறுப்பினத்தவருக்கு அதில் இருந்த சொல் இங்கே எழுதக் கூசுவது.

கம்பனிகளின் செயலைக் குற்றம் என்பது இடதுசாரிப் பேராசிரியர்களின் மிகைப்படுத்தல் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன குற்றவியலாளர் எட்வின் சதர்லண்ட் புரட்சிக்காரர் அல்ல. 1939இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக நின்று, மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தொழில் வழியே செய்யும் குற்றத்தைக் கணக்கில் எடுக்காத குற்றவியல் அரைகுறையானது என்றார். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களின் மேல் வந்த தீர்ப்புகளைத் திரட்டி 1949இல் நூலாக்கியபோது, அவதூறு வழக்குக்குப் பயந்து நிறுவனப் பெயர்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பெயர்களோடு நூல் வர 1983 ஆனது. சொக்லேற் பெடியனின் படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்ட யாரும் சட்டத்தரணியைக் கேட்பதில்லை.

கடைசியாக, நட்டஈடு கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்ற அலுப்பு. 2019இல், கூட்டாக வழக்குத் தொடுத்த 555 பேருக்காகக் கிடைத்தது 57.75 மில்லியன் பவுண். அதில் ஏறத்தாழ 46 மில்லியன் வழக்குச் செலவுக்கே போனது. பின்னர் வந்த திட்டங்களில் கூடக் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் 2025 ஜூலையில் வந்த சேர் வின் வில்லியம்ஸின் விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இதனோடு தொடர்பு இருக்கலாம் என்கிறது.

மேலிருப்பவரைப் பிடிப்பதில் சட்டத்துக்குப் பழைய சிக்கல் ஒன்று உண்டு, அதுவும் ஒரு கடையில் பிறந்தது. சலவைத்தூளை விளம்பரப்படுத்திய மலிவு விலைக்கு விற்காத டெஸ்கோ, கிளை முகாமையாளரின் தவறு அது என்று காட்டி, 1971இல் பிரபுக்கள் சபையில் தப்பியது. கிளை முகாமையாளர் நிறுவனத்தின் மூளை அல்ல என்பது தீர்ப்பு. அந்தத் தர்க்கம் நீண்ட காலம் பெரிய கம்பனிகளுக்குக் குடை பிடித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தியது. மோசடியைத் தடுக்கத் தவறுவதே பெரிய நிறுவனத்துக்குக் குற்றம் என்ற அதன் பிரிவு 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது பின்னோக்கிப் பாயாது. தண்டனையும் நிறுவனத்துக்கான தண்டப்பணம்தான். போஸ்ட் ஒஃபிஸின் ஒரே பங்குதாரர் அரசு. நாளை அதன் மேல் தண்டம் விழுந்தால், செவன் கிங்ஸ் கடைக்காரர் கட்டும் வரியிலிருந்தும் அதற்குக் காசு போகும்.