கோப்பை ஜெயிச்சும் கதவு திறக்கலை! சென்னை சிட்டி அணி சறுக்கியது எங்கே?

தேனி:

பெரியகுளம் என்றால் கூடைப்பந்து. ஆனால் கம்பம், சின்னமனூர் பக்கம் கால்பந்து ரசிகர்களுக்கும் பஞ்சமில்லை. சென்னை சிட்டி பேச்சை எடுத்தால் அவர்களுக்கு இன்னமும் ஆதங்கம்தான்.

பெயர்தான் சென்னை. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-வது இடம். தப்பித்தோம் பிழைத்தோம் கதை. 2018-ல் சிங்கப்பூர்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பந்தை தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, குட்டி குட்டி பாஸ் போட்டு ஆடவைத்தார். ஸ்பெயினில் இருந்து வந்த பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் விளாசினார்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் 3-வது நிமிடமே கோல் போட, ஸ்டேடியம் கப்சிப். மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் தடுப்பாட்டக்காரர் கவுரவ் போரா 2 கோல் போட்டார். 3-1 வெற்றி. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43. ஒரே புள்ளியில் கோப்பை!

அதோடு சரி. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் தரும் விதி அப்போது கிடையாது. பெரிய லீக் கதவு மூடியே இருந்தால் நல்ல ஆட்டக்காரன் ஏன் தங்குவான்? எட்வின் வான்ஸ்பால் 2019-லேயே சென்னையின் எப்.சி.க்கு போனார். மான்சி ஜப்பானுக்கு பறந்தார். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை.

கதவு 2022-23 சீசனில்தான் திறந்தது. அதே ஐ-லீக் கோப்பையை ஜெயித்த பஞ்சாப் அணி ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. கோவையில் அப்போது அணியே இல்லை.