ஒரே காய்ச்சல், இரு கஷாயங்கள்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் கை வைத்ததும் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "சூடு எவ்வளவு?" என்பதுதான். சீனாவின் பழைய மருத்துவரிடம் அதே நோயாளியை அழைத்துச் சென்றால் அவர் கேட்பது வேறு. "வியர்க்கிறதா?" என்பார், பிறகு நாடியைத் தொடுவார். இவ்விரண்டும் சொல்லும் விடை மாறினால் மருந்தும் மாறிவிடும். மாற்றாமல் கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து.

இம்முறையை வகுத்துத் தந்தவர் ஜாங் ஜோங்ஜிங். ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தவர். குளிர் தாக்கியதால் வரும் நோய்களைப் பற்றி அவர் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' என்னும் நூலின் முன்னுரையைப் படிக்கையில் மனம் கனக்கிறது. இருநூறு பேருக்கு மேற்பட்டிருந்த தம் குலத்தாரில் மூன்றில் இரு பங்கினர், கி.பி. 196இல் தொடங்கிய ஆண்டுக் கணக்கில் பத்தாண்டு நிறையுமுன் மாண்டுபோனதாகவும், அவர்களுள் பத்துக்கு எழுவரைக் கொண்டு சென்றது இந்நோயே என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. உற்றாரைப் பறிகொடுத்த துயரிலிருந்து பிறந்த நூல் அது. 1065இல் சோங் அரசின் மருத்துவ அறிஞர்கள் செப்பமிட்ட பதிப்பின் வழியே பிற்காலத்தாருக்குக் கிடைத்தது.

இரு நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் காய்ச்சல், தலைவலி, நடுக்கம். இருவர் நாடியும் விரலை மெல்ல வைத்ததுமே மேலாகத் துடிக்கிறது. நோய் உடலின் மேற்பரப்பில் நிற்கிறது என்பது அதன் பொருள். ஆனால் முதலாமவரின் மேனி வியர்வையால் ஈரமாக உள்ளது. சிறு காற்றுப் பட்டாலும் ஒடுங்குகிறார். நாடி தளர்ந்து ஓடுகிறது. இரண்டாமவருக்குத் தோல் வறண்டிருக்கிறது, மூட்டெல்லாம் வலி, மூச்சு இரைக்கிறது, நாடியோ முறுக்கிய கயிறு போல் விறைத்துள்ளது. முன்னவருக்குத் தோலைக் காக்கும் ஆற்றல் நெகிழ்ந்து போயிற்று என்றும், பின்னவருக்குக் குளிர் புகுந்து மயிர்க்கால்களை அடைத்துவிட்டது என்றும் சீன மருத்துவம் விளக்குகிறது.

(நாடி பற்றிய சீனரின் அறிவு முஸ்லிம் நாடுகளுக்கும் எட்டியது. தப்ரீஸ் நகரில் வஸீராக விளங்கிய ரஷீதுத்தீன், 1313இல் சீன நாடி நூலைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். அதன் கையெழுத்துப் படி இஸ்தான்புலில் உள்ளது.)

வியர்ப்பவருக்குரியது 'குய்ஜி' கஷாயம். இலவங்க மர வகையின் இளங்கிளை, பியோனிச் செடியின் வேர், பச்சை இஞ்சி ஆகியவை மும்மூன்று பங்கு, வறுத்த அதிமதுரம் இரண்டு பங்கு, சீன இலந்தைப் பழம் பன்னிரண்டு. ஏழு படி நீரை இளந்தீயில் மூன்று படியாகச் சுண்டக் காய்ச்சி, ஒரு படி அருந்தச் சொல்கிறது நூல். (அந்நாளைய சீனப் படி நம் படியைவிட மிகச் சிறியது.) சிறிது நேரம் கழித்துச் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும், போர்வை போர்த்திச் சுமார் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். மேனி முழுதும் இலேசாகக் கசிய வேண்டுமேயன்றி, வியர்வை நீராய் ஓடக் கூடாது. நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மருத்துவர் தம் வேலையில் பாதியை அடுப்படியிடம் நம்பி ஒப்படைத்துவிடுகிறார்!

வியர்க்காதவருக்கோ 'மா ஹுவாங்' எனப்படும் எபிட்ராவே தலைமை மருந்து. அதனுடன் இலவங்க மரக் கிளையும், ஆப்ரிகாட் பழக்கொட்டைப் பருப்பு எழுபதும், அதிமதுரமும் சேரும். இதற்குக் கஞ்சி வேண்டியதில்லை, மருந்தே வலியது. நாடி விறைத்து வியர்வையின்றி இருப்பவருக்குக் குய்ஜியைக் கொடுக்கலாகாது என்று நூல் எச்சரிக்கிறது. நாடி மெலிந்து வியர்ப்பவருக்கு, எபிட்ரா மிகுந்த வேறொரு கஷாயத்தைக் கொடுத்தால் கைகால் குளிர்ந்து தசைகள் துடிக்கும் என்றும் சொல்கிறது.

அந்த அச்சம் வீணன்று. எபிட்ராவிலிருந்து 1885இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் பிரித்தெடுத்த எபிட்ரின், இதயத்தை விரைவுபடுத்தி ரத்தக் கொதிப்பை உயர்த்துவது. எபிட்ரா கலந்த உணவுச் சத்து மருந்துகளை அமெரிக்க அரசு 2004இல் தடை செய்தது. அதிமதுரமும் மிகுந்தால் கொதிப்பை ஏற்றும். ஆகவே சகோதரிகள் இதைப் படித்துவிட்டு வீட்டில் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். வந்திருப்பது டெங்குவா, மலேரியாவா, டைஃபாய்டா என்பதை ஆய்வுக்கூடப் பரிசோதனையே காட்டும்; வியர்வையும் நாடியும் காட்டா.

குய்ஜியின் அளவு பற்றி நூலில் இன்னும் ஒரு விதி உண்டு. முதல் படியிலேயே வியர்த்து நோய் தணிந்தால் எஞ்சிய இரண்டையும் குடிக்கலாகாது. வியர்க்காவிடில் அடுத்தது, அதற்கும் இல்லையெனில் மூன்றாவது, இடைவெளியைக் குறைத்து. நோய் கடுமையாயின் பகலும் இரவும் மருந்து கொடுத்து, நாள் முழுதும் நோயாளியைக் கவனித்துவர வேண்டும்.