அலையாத்திக் காட்டுக்கு உரம் போடச் சொன்னது யார்?



"இறால் குளத்துத் தண்ணியில சத்துதானே இருக்கு, காட்டுக்கு அது உரம்தானே" என்று ஒரு பேச்சு நடக்கிறது. வயலில் இறங்கியவனிடம் இந்தப் பேச்சு செல்லாது.

சம்பாவுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? பயிர் கருகருவென்று வரும், ஊரே கண் வைக்கும். பிறகு புகையான் வரும். ஒரு மழைக் காத்துக்கு மொத்தமும் சாஞ்சு கிடக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக்கும் இதே கதைதான். தழைச்சத்து மிஞ்சினால் மரம் மேலே இலையும் கிளையுமாக விடுகிறது; வேருக்குப் போக வேண்டியது குறைகிறது. ஆஸ்திரேலியா முதலான நாடுகளில் அலையாத்தி மரங்களுக்கு உரம் போட்டுப் பார்த்த ஆராய்ச்சி 2009-ல் வெளிவந்தது. மழை குறைந்து, மண்ணில் உப்பு ஏறிய இடங்களில் உரம் தின்ற மரங்களே அதிகம் செத்தன.

சேற்றின் நிலை இன்னும் மோசம். அது காற்றுப் புகாத கருஞ்சேறு. மரம் மூச்சு வேரை மேலே நீட்டித்தான் பிழைக்கிறது. மிச்சத் தீவனமும் இறால் கழிவும் அதில் படிந்தால், உள்ள கொஞ்சம் பிராணவாயுவையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு வேருக்கு விஷம். பாசி வேறு பெருகி மூச்சு வேரை மூடும். கொஞ்சம் சத்து வந்தால் காடு வடிகட்டிக்கொள்ளும், அது உண்மை. நாள் தவறாமல் வந்தால் எந்தக் காடு தாங்கும்?

பாமணியாறு, கோரையாறு வழியாக நம்ம யூரியாவும் கொஞ்சம் அங்கே போகிறது. மறைக்க வேண்டியதில்லை. பிரித்துப் பிரித்துப் போட்டால் செலவும் மிச்சம்.

கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 11.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கினார்கள். 2018 கஜா புயலில் அடிபட்ட காடு இது. வேர் மெலிந்தால் அடுத்த புயலில் கரை நிற்காது, உப்புத் தண்ணி நம்ம வரப்புக்கு வரும்.

ஆகவே நாம் கேட்பது: கழிவைத் தெளியவைக்காமல் வடிகாலில் விடும் குழாய்களை அடைக்க வேண்டும். காட்டுச் சேற்றைச் சோதித்து முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆற்றுக் கடைமடைக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள்.