மண்ணின் ஈரமும் ஆகாயப் பூசாரிகளும்

ட்ரோன் என்னும் ஆளில்லாத சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, மேலிருந்து போட்டோ பிடித்து, வயலில் எங்கே ஈரம் இருக்கின்றது, எங்கே காய்ந்து கிடக்கின்றது என்று கண்டுவிடலாம் என விவசாயிகளுக்கு இந்நாளில் சொல்லப்பட்டு வருகின்றது. இதைக் கேட்டவுடன் இரண்டு கூட்டத்தார் கிளம்புகின்றார்கள். ஒரு கூட்டத்தார், "பூமாதேவியின் வயிற்றில் இருப்பதைப் பொம்மை விமானம் காணுமா?" என்று பரிகாசம் செய்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "இனி மண்வெட்டியே வேண்டாம், படத்தைப் பார்த்துத் தண்ணீரைத் திற" என்கின்றார்கள். முந்தினவர் பஞ்சாங்கம் விற்கின்றவர். பிந்தினவர் யந்திரம் விற்கின்றவர். இருவரும் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். கேள்வி கேட்காமல் காசைக் கொடுக்க வேண்டுமென்பதே அது.

பஞ்சாங்கக்காரரை முதலில் விசாரிப்போம். வருஷந்தோறும் மழை இத்தனை மரக்கால், அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்று அச்சுப்போட்டு விற்கின்றார்கள். பூமிக்கென்றால் எந்தப் பூமிக்கு என்று கேட்கின்றோம். ஆனி, ஆடியில் குமுளியில் கொட்டுகின்ற மழை மலையிறங்கிச் சின்னமனூருக்கு வருவதற்குள் தூறலாய்ப் போகின்றது. ஆண்டிபட்டியில் புழுதி பறக்கின்றது. இம்மூன்று ஊருக்கும் ஒரே மரக்கால்தானா? மேற்கே வீணாய்ப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிப் பெரியாறு அணையை 1895ல் முடித்த பென்னிகுவிக் துரை, மட்டம் பார்த்தாரே தவிர மரக்கால் பார்க்கவில்லை.

தேங்காய்க்காரர் சங்கதி இன்னும் மோசமானது. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துத் தோட்டத்தைச் சுற்றி வருவார். அது எழுந்து நின்ற இடத்தில் நீரோட்டமாம். அந்த இடத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தண்ணீர் வந்தால் தேங்காயின் மகிமை. வராவிட்டால் சம்சாரியின் தலைவிதி. கடன் மாத்திரம் இரண்டு வகையிலும் சம்சாரியினுடையதே.

நிற்க, ட்ரோன் செய்கின்ற வேலையில் மாயம் எதுவுமில்லை. நனைந்த மண் கறுத்தும், காய்ந்த மண் வெளுத்தும் தெரியும் என்பது ஆடு மேய்க்கின்ற சிறுவனுக்கும் தெரியும். காமிரா அதையே எண்ணாகக் குறித்துக்கொள்ளுகின்றது. சிகப்புக்கு அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியையும் சில காமிராக்கள் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும், செழித்த இலை அதைத் திருப்பியெறியும். உஷ்ணத்தை அளக்கின்ற காமிரா வேறு உண்டு. வேரில் தண்ணீருள்ள செடி இலைத் துவாரங்களின் வழியாய் ஆவியை விட்டு, மண்பானை குளிர்வதுபோல் குளிர்கின்றது. தண்ணீர் தட்டினால் துவாரத்தை மூடிக்கொள்ள, இலை சூடேறுகின்றது. உச்சிவேளையில் எடுத்த படத்தில், இலை வாடித் தொங்குவதற்கு முன்னமேயே இந்த வித்தியாசம் தெரியும். சொட்டு நீர்க்குழாயில் எந்த வரிசை அடைத்துக்கொண்டது என்பதும் தெரியும்.

இது நேற்று முளைத்த வித்தையுமல்ல. 1970ல் பிஷரோட்டி என்னும் விஞ்ஞானியின் தலைமையில் கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து இம்மாதிரி பிலிமில் படமெடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்தறிந்தார்கள். அமெரிக்கர்கள் 2015ல் ஏவிய ஸ்மாப் என்னும் துணைக்கோள் உலகமுழுவதும் மேல்மண் ஈரத்தை அளக்கின்றது. ஆனால் அதன் கட்டம் ஒன்று ஏறக்குறைய 36 கிலோமீட்டர் அகலம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் அடங்கிவிடக்கூடிய அகலத்திற்கு ஒரே ஒரு எண்! உங்கள் வாய்க்காலுக்கும் அடுத்தவர் வாய்க்காலுக்கும் உள்ள பேதம் வேண்டுமானால், 400 அடிக்குள் பறக்கின்ற ட்ரோன்தான் உதவும்.

இவ்வளவும் வாஸ்தவம். ஆனால் யந்திரம் விற்பவர் சொல்லாமல் விழுங்குவதையும் சொல்லவேண்டியிருக்கின்றது. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை எப்படி வளர்கின்றது? பந்தலில். பந்தல் மூடிய தோட்டத்தின்மேல் பறந்தால் தெரிவது இலையே தவிர மண்ணல்ல. அடர்ந்த வாழைத் தோப்பும் அப்படித்தான். இலையின் சூட்டைக் கொண்டு வேரின் தாகத்தை ஊகிக்கலாம், ஆனால் நோயினாலும் இலை சூடேறும். காமிராவுக்குச் சூடு தெரியும், காரணம் தெரியாது. மானாவாரிக் காட்டில் மண் திறந்து கிடந்தாலும் அங்கே வேறு சங்கடம். கரிசல் மண் காய்ந்த பிறகும் கறுப்புதான். செம்மண்ணில் பழக்கிய கணக்கைக் கரிசலில் போட்டால், காய்ந்த காட்டை ஈரக்காடு என்று படம் சாதிக்கும். அன்றியும் ஒளி பார்ப்பது மண்ணின் மேல்தோலை மாத்திரமே. நேற்றைய தூறலில் மேலே நனைந்து, இரண்டடியில் வேர் தவிக்கின்ற தோட்டமும் படத்தில் பச்சையாய் வரும். இதோடு நம் பள்ளத்தாக்கின் காற்றும் சேர்ந்துகொள்ளும். கணவாய் வழியாய் ஆனி, ஆடியில் அடிக்கின்ற அந்தக் காற்றுக்குத்தான் இப்பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கின்றார்கள். முதல் போகத்துக்குத் தண்ணீர் பாய்கின்ற அந்தக் காலத்திலேயே இந்தச் சிறு விமானம் தடுமாறும்.

அப்படியானால் படத்தை எப்படி நம்புவது? மண்வெட்டியால்தான். படமெடுத்த அன்றைக்கே பத்து இருபது இடங்களில் குழி வெட்டி, ஓரடி, இரண்டடி ஆழத்து மண்ணை எடுத்து நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி மறுபடியும் நிறுக்கவேண்டும். 120 கிராம் மண் 100 கிராமாய் இறங்கினால், நூறு பங்கு மண்ணுக்கு இருபது பங்கு தண்ணீர். இந்தக் கணக்கோடு படத்தின் நிறத்தை ஒத்துப் பார்த்த பிறகே அந்த நிறத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. அடுப்பும் தராசும் இல்லாதவர்களுக்கென்று, மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிகப்பு என விளக்கெரிந்து ஈரத்தைக் காட்டும் கைக்கருவியொன்றைக் கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் செய்திருக்கின்றார்கள். வியாபாரிகள் வாசிக்கின்ற பெருமையில் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கக் காணோம். மலிவான சாமானில் லாபம் குறைவல்லவா!

ஆகவே வர்ணப்படத்தை நீட்டுகின்றவரிடம், "எத்தனை குழி வெட்டினீர், எந்தத் தேதியில், எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் கூலி கொடுங்கள். "கம்ப்யூட்டர் சொல்லுகின்றது" என்பாரானால், "சுவாமி சொல்லுகின்றது" என்றவருக்கும் அவருக்கும் சட்டையில்தான் வித்தியாசம்.

இனி இந்தக் கண் யாருக்கு வேலை செய்யப்போகின்றது என்பதைக் கவனிப்போம். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதென்று 1,261 கோடி ரூபாய்த் திட்டமொன்றை 2023ல் மத்திய சர்க்கார் அங்கீகரித்தார்கள். பெண்கள் விமானம் ஓட்டுவது நமக்கு மிகவும் சந்தோஷமே. ஆனால் அந்த ட்ரோனுக்கு வைத்திருக்கின்ற முக்கிய வேலை திரவ உரமும் மருந்தும் தெளிப்பது. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அளக்கின்ற காமிராவையும் அதைப் படிக்கின்ற படிப்பையும் அப்பெண்களுக்கு ஏன் கொடுக்கக்கூடாது? எந்த மூலையில் ஈரம் நிற்கும், எந்த மேட்டில் முதலில் வெடிப்பு விடும் என்பது களையெடுக்கின்ற பெண்ணின் காலுக்குத் தெரியும். குழி வெட்டவேண்டிய இடத்தைக் காட்டத் தகுதியுள்ளவள் அவளே. அவளுடைய யோசனைக்கு இந்நாள்வரை யார் கூலி கொடுத்தார்கள்?

பெரியாற்றுத் தண்ணீரில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் பாசனம் என்று சர்க்கார் கணக்கு. தலைமடையில் தண்ணீர் தேங்கி நிற்க, கடைமடையில் நாற்று கருகினால், கடைமடைக்காரன் மனு எழுதுகின்றான். மனுவுக்குப் பதில், "தண்ணீர் திறந்தாகிவிட்டது" என்பது. இங்கேதான் ட்ரோனுக்கு யோக்கியதை இருக்கின்றது. தேங்கிய தண்ணீரும் வெடித்த மண்ணும் அதன் காமிராவில் ஐயத்துக்கு இடமில்லாமல் பிரிந்து தெரியும். பந்தலும் இல்லை, கரிசல் சங்கடமும் இல்லை. மதகு திறந்த மறுவாரம், காற்றடங்கிய விடியற்காலையில், தலைமடை முதல் கடைமடை வரை பறந்து படமெடுத்து, அந்தப் படத்தைச் சர்க்கார் ஆபீஸ் அலமாரியில் பூட்டாமல், ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் தேதி போட்டு ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கு எந்த அதிகாரி சம்மதிக்கின்றார், எந்தப் பெரிய பண்ணைக்காரர் ஆட்சேபிக்கின்றார் என்பதைப் பார்ப்போம்.